அப்பாவின் பெயரில் ஓடிய வண்டி

முதலில் என் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானில் ஒரு சின்ன ஊரில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன், கம்ப்யூட்டர் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவர் வாசலில் கோட்டு போட்ட ஒருவன் இடுப்பு வளையக் குனிந்து நின்றான். கார் கம்பெனி ஆள்.

“இது நான் நாலாவது தடவை வருவது. தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும். உங்கள் காரை எடுத்துக்கொள்ளாமல் நான் அலுவலகம் திரும்ப முடியாது” என்றான்.

“வாரத்துக்கு ஒரு நாள் மீன் வாங்கத்தான் அதை எடுக்கிறேன்” என்றார் அவர்.

“மீன் வாங்கப் போகும்போதும் அது வெடிக்கலாம், ஐயா.”

வேலியோரம் நின்று என்ன விஷயம் என்று விசாரித்தேன். அந்த ஆள் நிறுத்தி நிதானமாகச் சொன்னான். கார் எதிலாவது மோதினால் ஸ்டியரிங்கிலிருந்து காற்றுப் பை விரிகிறது அல்லவா, அதை ஊத வைக்கும் மருந்து ஒரு சின்ன இரும்புக் குடுவையில் இருக்கிறதாம். வெக்கையும் ஈரமும் உள்ள ஊர்களில் பல வருடம் ஓடினால் மருந்து கெட்டுப்போகும். பிறகு லேசாக மோதினால்கூடக் குடுவையே வெடித்து, இரும்புத் துண்டுகள் ஓட்டுகிறவர் மேல் பாயும். அதனால் பழைய வண்டிகளை எல்லாம் திருப்பி அழைத்துக் குடுவையை இலவசமாக மாற்றித் தருகிறார்கள். வெளிநாடுகளுக்கும் கடிதம் போயிருக்கிறது என்றான். கையிலிருந்த பட்டியலைக் காட்டினான். அதில் கடலூரில் என் அப்பா வைத்திருந்த மாடலும் இருந்தது.

வீட்டுக்குள் வந்து போனில் தேடினேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் என் தங்கை கவிதா ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். “அண்ணா, அப்பா பேருக்கு கார் கம்பெனிலேந்து ஏதோ வந்திருக்கு. இது மூணாவது. என்ன பண்ண?” என்று கேட்டிருந்தாள். நான் எழுதிய பதிலும் கீழே இருந்தது. “கார் வித்தாச்சு. விடு.”

இதுதான் நான் ஊருக்கு வந்த காரணம். கம்பெனியின் பெயரை எழுதவில்லை. முதலில் என் பங்கைச் சொல்லிவிட்டுத்தான் அவர்கள் பங்கைப் பேச வேண்டும்.

அவர்களின் மியூசியத்துக்கு ஒருமுறை ஆபீசில் கூட்டிப் போனார்கள். மீனவர்களின் படகுகளுக்கு என்ஜின் செய்துதான் அந்தக் கம்பெனி பிழைக்க ஆரம்பித்தது. போருக்குப் பிறகு அதே என்ஜினை மூன்று சக்கர வண்டியில் வைத்தார்கள், அப்புறம் சின்னக் கார், அப்புறம் உலகம் பூராவும். சுற்றிக் காட்டிய பெண் சொன்னாள், “எங்கள் முதலாளி ஒவ்வொரு என்ஜினையும் பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாதிரி நினைப்பார். வருடம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார்.” கேட்க நன்றாக இருந்தது. காற்றுப் பைக் குடுவையை வேறொரு கம்பெனியிடம் வாங்கிப் பொருத்தியதைப் பற்றி அங்கே ஒரு பலகையும் இல்லை.

முதல் நாள் பாதி பஸ்ஸிலேயே போனது. சென்னையிலிருந்து கடலூர் வருகிற ஏசி பஸ்ஸில் ஏசி வேலை செய்தது, ஆனால் தண்ணீர் என் தலைமேல் சொட்டியது. கண்டக்டரிடம் சொன்னேன். “கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார், அது மரக்காணம் வரைக்கும்தான் சொட்டும்” என்றார். மரக்காணத்தில் சொல்லிவைத்த மாதிரி நின்றுவிட்டது. ஜப்பானில் ரயில் ஐந்து நிமிடம் தாமதித்தால் மன்னிப்புக் கேட்டு, தாமதமானதற்குச் சீட்டும் எழுதிக் கொடுப்பார்கள். இங்கே மன்னிப்பு கிடையாது. ஆனால் எது எங்கே நிற்கும் என்று மனிதர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தன் வீட்டில் கவிதா சுறாப்புட்டு செய்து வைத்திருந்தாள். சாப்பிடும்போதே கடிதங்களைக் கேட்டேன். அப்பா வீட்டில் குடியிருப்பவர்கள் மீட்டர் பெட்டிக்குள் செருகி வைத்து, அவள் போகும்போது கொடுத்திருக்கிறார்கள். மூன்று கடிதங்கள், மூன்றிலும் அப்பா பெயர், மூன்றிலும் ‘அவசரம்’ என்று சிவப்பில்.

“நீதான விடுன்னு சொன்ன” என்றாள் கவிதா. ஆமாம் என்றேன்.

அப்பா அந்தக் காரை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். வெள்ளை நிறம். சில்வர் பீச் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, டயரில் ஒட்டிய மணலைத் துணியால் தட்டுவார். “ரெண்டு ஏர்பேக்குடா, உயிருக்குப் பயமில்ல” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மூன்று வருடம் முன்னால் மாரடைப்பில் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் காரைப் புரோக்கரிடம் தள்ளிவிட்டு விமானம் ஏறினேன்.

அந்தப் புரோக்கர் திருப்பாதிரிப்புலியூரில் அதே ஷெட்டில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் டீ சொன்னார். வண்டி இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன்.

“உங்க அப்பா பேருலதான்.”

“மாத்தலையா?”

“எங்க சார் மாத்துறது? வாரிசு சர்டிபிகேட் அனுப்புறேன்னு சொல்லிட்டுப் போனீங்க, அனுப்பவே இல்ல. வாங்குனவரும் கேக்கல. நம்ம ஜில்லாவுல பாதி வண்டி அப்புடித்தான் ஓடுது.” மேசை இழுப்பறையைத் திறந்து நான் கையெழுத்துப் போட்ட படிவங்களை எடுத்துக் காட்டினார். ஓரம் கரையான் அரித்திருந்தது. “செத்தவரு பேருல ஓடுனா ஒரு வசதி சார். பைன் வந்தா யாரு கட்டுறது?”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் நாள் சிதம்பரம். புரோக்கர் வண்டியை அங்கே மேல வீதியில் டிராவல்ஸ் நடத்துகிற ஒருவருக்கு விற்றிருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டேன். ஜப்பானில் பதினோரு வருடமாக நான் செய்து பார்த்து ஒருநாளும் வராத ருசி. இரண்டாவது தடவை கொத்சு கேட்டபோது சர்வர் வாளியையே மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்று காலைதான் கடைசியாக நிம்மதியாகச் சாப்பிட்டது.

டிராவல்ஸ்காரர் அந்தக் காரைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். கார் வைத்திருந்தவர்கள் பழைய கார்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்க வேண்டும், சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும்.

“என்ஜின் சொக்கத் தங்கம் சார். ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல. ஏசி போட்டா கொடைக்கானல். ஆனா வயிறு கீழ. நம்ம ஊரு ஸ்பீட் பிரேக்கர் ஒண்ணுவிடாம தேச்சிகிட்டுதான் போவும். ஸ்பேர் பார்ட்ஸ் மெட்ராஸ்லேந்து வரணும். ஒரு சைடு கண்ணாடிக்கி நாப்பது நாளு காத்திருந்தேன். அதான் குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“கிள்ளை பக்கம் கடக்கரை ஆளு, கலியபெருமாள்னு. மீன் நாத்தம் ஏறிடுமேன்னு மனசு வரல, ஆனா கேட்டுகிட்டே இருந்தாரு. ரெண்டு ஏர்பேக் வண்டி, முட்டுனாலும் ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லித்தான் குடுத்தேன். ஏன் சார், போலீஸ் விஷயமா?”

இல்லை என்றேன். கலியபெருமாளின் நம்பரைத் தந்தார். அடித்தால் உபயோகத்தில் இல்லை என்றது.

மூன்றாம் நாள் காலை கிள்ளைக்கு டவுன் பஸ். நடுவில் ஒரு பாலத்தருகே பஸ் இருமிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி என்ஜினைத் திறந்து பார்த்து, பீடி பற்றவைத்துக்கொண்டார். மீன் கூடைகளோடு ஏறியிருந்த பெண்கள் மூன்று பேர் ஒரு சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் சீட்டுகள் காலியாக இருந்தன. மற்றவர்கள் நின்றுகொண்டு வந்தார்கள். நான் அந்தக் காலிச் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். அதை அப்போது ஒரு வசதியாகத்தான் நினைத்தேன்.

ஷேர் ஆட்டோ பிடித்துக் கிள்ளை போய், ஒரு டீக்கடையில் கலியபெருமாள் வீடு எது என்று கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“எந்தக் கலியபெருமாள்? கழுத்த அறுத்துக் கொன்னாங்களே, அவரா?”

எனக்குப் புரியவில்லை. வேறு ஆளாக இருக்கும் என்று நினைத்தேன். வெள்ளைக் கார் வைத்திருந்தாரா என்று கேட்டேன். “அவரேதான். கார்ல வச்சித்தான் செஞ்சான் மச்சான்காரன்” என்றார்.

கடற்கரைக் குப்பத்தில் கடைசித் தெருவில் வீடு. கலியபெருமாளின் மனைவி செல்விக்கு நாற்பது வயதிருக்கும். நான் காரின் பழைய சொந்தக்காரரின் மகன், பெயர் மாற்ற வேண்டிய வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். நாற்காலியை எடுத்துப் போட்டார். நான் அதிகம் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“பஸ்ஸுல ஏறுனா பக்கத்துல எவனும் உக்கார மாட்றான்னுதான் சார் அவுரு வண்டி வாங்குனாரு. கடலூர் ஆர்பர்ல விசைப்படகுல எங்களுக்குப் பங்கு. அங்க தொழிலுக்குப் போவாரு, என் தம்பி வேலுவும் கூடப் போவான். போன வருஷம் ஐப்பசி மாசம். அன்னிக்கிக் காலையில ஆர்பர்ல ரெண்டு பேருக்கும் சண்ட. வேலு கேரளாவுல போட்டு வேலைக்கிப் போறேன்னான். இவுரு விடல. நீ போனா நான் யார வச்சிகிட்டு கடலுக்குப் போறதுன்னு கையப் புடிச்சி இழுத்தாரு. அவன் கோவத்துல, கைய எடு மாமா, அறுத்துப் போட்டுடுவன்னு சொன்னான். ஆர்பரே கேட்டுச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணாத்தான் கெளம்புனாங்க. அவுரு ஓட்டுறாரு, இவன் பக்கத்துல. வழியில மாடு குறுக்க வந்துச்சுன்னு ஒடிச்சி, மதகு சுவத்துல முட்டுச்சு. முட்டுனது ஒண்ணும் பெருசு இல்ல சார். முன் கண்ணாடிகூட ஒடையல. ரெண்டு பையும் விரிஞ்சிருக்கு. ஜனங்க ஓடிப் பாத்தா…” செல்வி தன் கழுத்தில் இடது காதுக்குக் கீழிருந்து குறுக்காக விரலை இழுத்துக் காட்டினார். “இங்கேந்து இங்க. இவன் மடியில அவுரப் போட்டுகிட்டு உக்காந்திருக்கான். இவன் ஒடம்பு பூரா ரத்தம், ஒரு கீறல் இல்ல. இடுப்புல கத்தி.”

வலை அறுக்கிற சின்னக் கத்தி. அது இடுப்பில் இல்லாமல் தொழிலுக்குப் போகிற ஆள் அந்தக் கரையில் கிடையாது.

“வேலு என்ன சொன்னாரு?”

“டமார்னு சத்தம் வந்துச்சுக்கா, திரும்பிப் பாத்தா மாமா கழுத்து அறுந்திருந்துச்சுன்னான். சத்தம் கழுத்த அறுக்குமா சார்?”

அறுக்கும் என்று எனக்குத் தெரியும். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊரில் கூடிப் பேசியிருக்கிறார்கள். வேலுவின் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் ஊரில் இருக்கக் கூடாது என்று முடிவாகி, அவளுடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தீர்மானத்தில் செல்வியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். போலீசிலும் தம்பிக்கு எதிராக வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். வேலு பதினோரு மாதமாகக் கடலூர் ஜெயிலில். அடுத்த மாதம் கோர்ட்டில் செல்வி சாட்சி சொல்ல வேண்டும்.

“கூடப் பொறந்தவன்னு பாத்தா அவுருக்கு யாரு சார் நியாயம் கேக்கறது?” என்றார். இறால் தொக்கும் சோறும் வைத்தார். சாப்பிட்டேன். சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. முதலில் காரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்துவிட்டேன்.

கார் ஒரு காவல் நிலையத்தின் பின்பக்கம் நின்றது. மணல் கடத்திய மாட்டு வண்டிகள், சாராயம் கடத்திய மொபெட்டுகள், அவற்றுக்கு நடுவில் அப்பாவின் வெள்ளைக் கார். நான்கு டயரிலும் காற்று இல்லை, வைப்பர் மேல் கோவைக் கொடி ஏறியிருந்தது. முன்பக்கம் பம்பர் உள்வாங்கியிருந்தது, ஒரு ஹெட்லைட் இல்லை, வேறு பெரிய அடி எதுவும் இல்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தேன். இடப்பக்கப் பை ஒழுங்காக விரிந்து சுருங்கித் தொங்கியது. ஓட்டுநர் பக்கத்துப் பை நடுவில் கிழிந்திருந்தது. காய்ந்து கறுத்த கறை. ஸ்டியரிங்கின் நடுவில் இரும்பு இதழ் இதழாக வெளியே பிளந்து நின்றது.

“தொடாதீங்க சார், கேஸ் கோர்ட்ல இருக்கு” என்று பின்னால் ஒரு குரல். ஏட்டு. ஐம்பது வயது, அலுத்துப்போன முகம். யார் என்று சொன்னேன்.

“ஆர்.சி ஓனரு மகனா? ஓனரு எறந்துட்டாருன்னு ரிப்போர்ட் வந்துச்சு, அதோட விட்டுட்டோம்.”

கடிதத்தைக் கொடுத்தேன். தமிழிலும் ஒரு பக்கம் இருந்தது. மரத்தடியில் நின்று இரண்டு தடவை படித்தார்.

“பை விரிஞ்சிருந்துச்சு சார். பை விரிஞ்சா ஆளு பொழச்சிருக்கணும்ல? பொழைக்கலைன்னா எவனோ அறுத்திருக்கான். அப்புடித்தான் எல்லாரும் நெனச்சோம்” என்றார்.

“போஸ்ட்மார்ட்டத்துல ஏதாவது கிடைச்சுதா?”

“கழுத்துலேந்து ஒரு இரும்புத் துண்டு எடுத்தாங்க. கத்தி முனை ஒடஞ்சதுன்னு எழுதியிருக்கு.”

“வேலு வச்சிருந்த கத்தியில முனை இருந்துச்சா?”

ஏட்டு என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார். “இருந்துச்சு. முழுசாத்தான் இருந்துச்சு. வேற கத்தியா இருக்கும், அத வாய்க்கால்ல வீசியிருப்பான்னு தேடுனோம். ரெண்டு நாளு தண்ணியில எறங்கித் தேடுனோம் சார்.” கடிதத்தை நான்காக மடித்துத் திருப்பித் தந்தார். “இத என்கிட்ட குடுக்காதீங்க. அவன் வக்கீல்கிட்ட குடுங்க.”

நான்காம் நாள் அந்த வக்கீலைச் சிதம்பரம் கோர்ட் வாசலில் பிடித்தேன். இலவச சட்ட உதவியில் வேலுவுக்காக ஆஜராகிற இளம் பெண். முதல் கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்ததுமே கையிலிருந்த மற்ற கட்டுகளைக் கீழே வைத்துவிட்டார். அந்த இரும்புத் துண்டைத் திரும்பப் பரிசோதிக்க மனு போடலாம், ஜாமீன் கேட்கலாம் என்றார். எப்போது வெளியே வருவார் என்று கேட்டதற்கு, வாரக் கணக்கா மாதக் கணக்கா என்று சொல்ல முடியாது என்றார்.

“ஒண்ணு கேக்கணும். இந்தக் கடிதம் வந்தது உங்களுக்கு எப்ப தெரியும்?”

போனை எடுத்துக் காட்டினேன். கவிதாவின் படம், என் பதில், மேலே தேதி. அவர் அதையும் படித்தார். “கூண்டுல ஏறி இதச் சொல்லணும். அரசு வக்கீல் கிழிப்பார். சொல்லுவீங்களா?” என்றார்.

சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுத்திருந்த டிக்கெட்டை அங்கேயே வேப்பமரத்தடியில் நின்று ரத்து செய்தேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒன்றரை வருடம் முன்னால் இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் போதும்.

மத்தியானம் மறுபடியும் கிள்ளை. செல்வி வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குடுவை, மருந்து, இரும்புத் துண்டு, ஏட்டு சொன்னது, கடைசியாகக் கடிதம் வந்ததும் நான் விட்டுவிட்டதும். கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது.

“கடுதாசி உங்க கையில வந்தது எப்ப? தடைக்காலத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?”

வருடா வருடம் சித்திரையில் ஆரம்பித்து இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கரையில் எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான்.

“முன்னாடி” என்றேன். “மாசியில.”

“அந்தத் தடைக்காலத்துல வண்டிய எடுக்கவே இல்ல. டீசல் எதுக்குன்னு நிறுத்திட்டாரு. ரெண்டு மாசம் இதே எடத்துல நின்னுச்சு.” நான் நின்ற இடத்தைக் காட்டினார். “யாராவது வந்து சொல்லியிருந்தா எடுத்துகிட்டுப் போங்கன்னு குடுத்திருப்பாரு.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். ஜப்பானில் அதைச் சொல்ல ஐந்தாறு விதம் உண்டு, எவ்வளவு குனிய வேண்டும் என்று கணக்கு உண்டு. தமிழில் அந்த ஒரு சொல்தான் வந்தது, அதுவும் எனக்கே கேட்காத மாதிரி. செல்வி உள்ளே போனார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. உள்ளே போனார். வெகு நேரம் கழித்து வந்து, “நாளைக்கி என்ன ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

வக்கீலுக்குப் போன் செய்தேன். செல்வி அரசுத் தரப்பு சாட்சி, குற்றவாளி என்று சொல்லப்படுகிறவரைப் போய்ப் பார்ப்பது சிக்கலாகும் என்று தயங்கினார். செல்வி போனை என் கையிலிருந்து வாங்கினார். “என் தம்பிய நான் பாக்கறதுக்கு எந்தக் கோர்ட்டுல கேக்கணும்மா?” என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.

ஐந்தாம் நாள் கேப்பர் மலை, கடலூர் ஜெயில் அங்கேதான். கடலூரிலிருந்து ஆட்டோ மேடேறும்போது காற்று மாறும், கடல் ஈரம் விட்டுச் செம்மண் வாடை வரும். சிறுவயதில் அந்தப் பக்கம் முந்திரிப் பழம் பறிக்கப் போயிருக்கிறேன், ஜெயில் சுவரைக் கண்டதில்லை. மனு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பக்கத்தில் ஒரு பெண் மகனுக்கு வாங்கி வந்த பிஸ்கட்டை உள்ளே விடுவார்களா என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். செல்வி ஒன்றும் வாங்கி வரவில்லை. பதினோரு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

வேலுவைக் கூட்டி வந்தார்கள். முப்பது வயதுதான் இருக்கும், கன்னம் ஒட்டியிருந்தது. இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவே ஒரு முழ இடைவெளி. அந்தப் பக்கம் பத்துப் பேர், இந்தப் பக்கம் பத்துப் பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிறார்கள். அக்காவைப் பார்த்ததும் அவர் பின்வாங்கினார், வார்டர் முதுகில் கை வைத்து முன்னே தள்ளினார்.

“நீ செய்யலடா” என்றார் செல்வி. “வண்டிதான்டா. வண்டியில இருந்த இரும்பு.”

அவருக்குக் கேட்கவில்லை. செல்வி மறுபடியும் கத்தினார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க” என்றார். நானும் கத்தித்தான் சொன்னேன். மருந்து, குடுவை, கழுத்தில் எடுத்த துண்டு. கம்பெனிக்காரன் வேலியோரம் எனக்குச் சொன்னதை இந்த மனிதனுக்கு வலைக்கு வெளியே நின்று கூவிக்கொண்டிருந்தேன். நான் யார் என்றும் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை.

வேலு வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தோஷப்படுவார், அழுவார், என் மேல் கோபப்படுவார் என்றெல்லாம் வரும் வழியில் நினைத்துப் பார்த்திருந்தேன்.

“நான் செய்யலன்னு எனக்குத் தெரியும்க்கா” என்றார். “எதுன்னுதான் தெரியாம இருந்துச்சு.”

செல்வி தலையாட்டினார்.

“மாமாவுக்கும் தெரியலையேக்கா. 108 வர்ற வரைக்கும் என் மடியிலதான் கெடந்தாரு. பேச முடியல. என்னையேதான் பாத்துகிட்டு இருந்தாரு. காலையில நான் அப்புடிச் சொல்லியிருந்தேன்ல.” அவர் நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டார். “நான்தான் அறுத்துட்டேன்னு நெனச்சிகிட்டேதான் போனாராக்கா?”

செல்வி என் பக்கம் திரும்பினார். ஐந்து நாளாக எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்தவன் நான்தான்.

“சொல்லுங்க சார்” என்றார்.

நேரம் முடிந்தது என்று வார்டர் வந்து வேலுவின் தோளைத் தொடும் வரை நான் ஒன்றும் சொல்லவில்லை.